மீன்காரம்மா முதல் லைன்மேன் வரை: அன்றாடச் சந்தோஷங்களுக்கு நன்றி சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நண்பர்கள், உறவுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் இந்த விஷயமாக என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் ஒரு கட்சி எடுத்துக்கொண்டுதான் பேசுகிறேன். நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான சின்னச் சந்தோஷங்களை யாரோ ஒருவர் உழைத்து நம் கையில் சேர்த்திருக்கிறார். நம் நினைப்பு அந்த ஆள் வரைக்கும் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

சின்னச் சந்தோஷம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எனக்கு முதலில் தோன்றுவது கடற்காற்று. மே மாதம், அக்னி நட்சத்திரம். காலை பத்து மணிக்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரோடு கொதிக்கும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் கொடியில் கிடக்கும் துணி லேசாக அசையும். "காத்து திரும்பிடுச்சு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதுவரை சிடுசிடுவென்று இருந்த வீடு கொஞ்சம் இளகும்.

வெயிலில் நிலம் சட்டென்று சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேல் உள்ள காற்று சூடேறி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தாமதமாகும், சில நாள் வராமலே போய்விடும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் அது போய்ச் சேர்வதற்குள் பாதி பலம் போயிருக்கும். கடலோரத்தில் வீடு இருப்பதால் நமக்கு மத்தியானத்திலேயே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கியது இல்லை.

அப்புறம் சொல்லிக்கொண்டே போகலாம். தோலோடு உப்புப் போட்டு வேகவைத்த புது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முதல் நாள் வைத்த மீன்குழம்பு. மார்கழியில் பூசணிப்பூ வைத்த கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போவது. பொங்கலை ஒட்டி வரும் பனங்கிழங்கு. பஸ்ஸில் ஜன்னல் சீட். மழை விட்டதும் தெருமுனை டீக்கடையில் கிடைக்கும் முதல் டீ. உங்களுடையது வேறாக இருக்கும், இருக்கட்டும்.

தினமும் கிடைப்பதுதானே, இதற்கெல்லாம் எதற்கு நன்றி?

தினமும் கிடைப்பதுதான் சிக்கலே. மனம் எதற்கும் பழகிக்கொள்கிறது. புது வீட்டுக்குப் போன முதல் வாரம் மொட்டை மாடிக் காற்று பெரிதாகத் தெரியும், கொஞ்ச நாள் போனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மனித மனம் வேலை செய்யும் விதம் அது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு 'தானே' புயலை விட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஊருக்குள் நாள்கணக்காக, உள் கிராமங்களில் இன்னும் அதிகமாக, கரண்ட் இல்லை. கைப்பம்பு இருந்த இடத்தில் குடங்கள் வரிசையில் நின்றன. செல்போனுக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் உள்ள இடத்தைத் தேடிப் போனார்கள். பிறகு விளக்கு எரிந்த ராத்திரியில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த சுகம் இந்தப் பக்கத்தில் நிறையப் பேருக்கு இன்னும் நினைவிருக்கும். அதே ஃபேன்தான் அதற்கு முந்தின மாதமும் ஓடிக்கொண்டிருந்தது.

மின்கியுங் கூ, சாரா ஆல்கோ, டிமத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்தது என்று எழுதியவர்களை விட, அது நடக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று யோசித்து எழுதியவர்களின் மனநிலை மேலும் நன்றாக இருந்தது. இதைச் செய்து பார்க்க இன்னொரு புயல் வர வேண்டியதில்லை. மோட்டார் போட்டதும் மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதே, அப்போது, இன்று இது இல்லையென்றால் காலை எப்படிப் போயிருக்கும் என்று அரை நிமிடம் யோசித்தால் போதும்.

நன்றி என்றால் யாருக்கு? பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று நினைத்தால் போதாதா?

எனக்கு அது போதவில்லை. "எல்லாவற்றுக்கும்" என்றால் யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வராது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து பாருங்கள்.

மதியச் சாப்பாட்டில் சங்கரா மீன் குழம்பு என்று வைத்துக்கொள்வோம். குழம்பு வைத்தவர் நம் வீட்டில்தான் இருக்கிறார். அதற்கு முன்னால் செதில் சுரண்டி, ஆய்ந்து கொடுத்தவர் மீன்காரம்மா. அவர் விடிவதற்கு முன்பே கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கோ புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கோ போய், ஏலத்தில் நின்று, ஐஸ் வாங்கிப் போட்டு, ஷேர் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கூடையை ஏற்றிக் கொண்டுவந்தவர். மீன் விற்காமல் போனால் நஷ்டம் அவருக்குத்தான். அவருக்கும் முன்னால் ராத்திரி கடலுக்குப் போனவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட தடை அது. அந்த இரண்டு மாதமும் நமக்குத் தெரிவதெல்லாம் மீன் விலை ஏறிவிட்டது என்பதுதான். படகில் வேலை செய்பவர்களின் வீட்டில் அது வருமானம் இல்லாத காலம். ஜூன் நடுவில் மறுபடி நல்ல மீன் நம் தட்டுக்கு வரும்போது அவர்கள் பொறுத்திருந்ததும் அதோடு சேர்ந்துதான் வருகிறது.

பலாப்பழத்தில் இது இன்னும் தூரம் போகும். தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தாத்தா காலத்து மரங்கள் ஒரே காலையில் போயின. விதை போட்டு வளர்க்கும் பலா காய்க்க ஐந்தாறு வருடமாவது பிடிக்கும், நன்றாகக் காய்க்க இன்னும் நாளாகும். வருமானம் தந்துகொண்டிருந்த மரங்களை விறகு விலைக்கு விற்றுவிட்டு, அதே மண்ணில் மறுபடி குழி தோண்டிக் கன்று நட்டவர்கள் இருக்கிறார்கள். கோடையில் கடலூர் பஸ் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் வாங்கும் சுளை அப்படி நட்ட ஒரு மரத்துடையதாக இருக்கலாம். இது தெரிந்த பிறகு சுளை இன்னும் இனிக்கும் என்று நான் சத்தியம் செய்து தர முடியாது. எனக்கு இனிக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லி அடம்பிடிக்கும் ஆசையும் போய்விட்டது.

காற்றையும் மழையையும் யாரும் உழைத்துக் கொடுக்கவில்லையே. எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை. அப்போது?

நம்பிக்கை உள்ளவர்கள் பாடலீசுவரர் கோயிலிலோ, மணக்குள விநாயகரிடமோ, மாதா கோயிலிலோ, தர்காவிலோ சொல்லிக்கொள்வார்கள். உங்களுக்கு அது இல்லையென்றால் யாரிடமும் சொல்ல வேண்டாம், ரசியுங்கள். தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் மாங்காய், தேங்காய் போட்ட சுண்டல் சாப்பிட்டால் அந்தக் காகிதத்தை மணலில் விடாமல் கையோடு எடுத்து வாருங்கள். கடலுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அது.

நோட்டுப் போட்டு தினமும் எழுத வேண்டுமா?

எழுதினால் பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றி தோன்றிய ஐந்து விஷயங்கள் வரை எழுதியது, இன்னொன்று எரிச்சல் தந்தவற்றை, மூன்றாவது நடந்த எதையாவது. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களை விட நிறைவாக உணர்ந்தார்கள், அடுத்த வாரத்தைப் பற்றியும் நம்பிக்கையோடு இருந்தார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் அமெரிக்க மாணவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள், வாரம் ஒருமுறைதான். தினமும் எழுத உட்கார்ந்தால் "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று வருகைப்பதிவு மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐந்து வரி போதும். ஆனால் அந்த ஐந்தும் குறிப்பாக இருக்க வேண்டும். "நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை மழையில் மாட்டிக்கொண்டபோது மூன்றாவது வீட்டு அக்கா என் துணியையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்தார்" என்று எழுதினால் அடுத்த முறை அந்த அக்காவைப் பார்க்கும்போது சொல்ல ஒன்று இருக்கும்.

கையெழுத்து நன்றாக இல்லை, எழுத வராது என்பவர்கள் விட்டுவிடலாம். படுக்கும்போது மனதில் நினைத்தாலும் சரி.

காலையில் ஓடி, ராத்திரி வந்து விழுகிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே கழிகிற நேரத்திலேயே பார்க்கலாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் நிறையப் பேர். அந்த பஸ் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் கெடிலம், அப்புறம் தென்பெண்ணை, பிறகு ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம் எல்லாம் தாண்டி சுண்ணாம்பாறு, கடைசியில் அரியாங்குப்பத்து ஆறு. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு ஆறு. இத்தனை ஆறுகளைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிற பாக்கியம் எல்லா ஊர்க்காரர்களுக்கும் இல்லை. நான்கிலும் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. வெயில் காலத்தில் தென்பெண்ணையில் மணலும் கோரையும்தான் தெரியும், ஐப்பசி கார்த்திகையில் செம்மண் நிறத்தில் கரை புரளும். சுண்ணாம்பாற்றில் கடல் பக்கம் என்பதால் எப்போதும் தண்ணீர் நிற்கும். போனைப் பையில் வைத்துவிட்டு நான்கு பாலத்திலும் மட்டும் வெளியே பாருங்கள், மற்ற நேரம் தூங்கிக்கொள்ளலாம்.

இறங்கும்போது கண்டக்டரிடம் "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்குவதற்கும் நேரம் ஆகாது.

வீட்டில் நன்றி சொன்னால் சிரிக்கிறார்கள். "என்னாச்சு உனக்கு?" என்கிறார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள். நம் வீடுகளில் அம்மாவிடமோ மனைவியிடமோ நேராக நன்றி சொல்லும் பழக்கம் குறைவு, சொன்னால் அந்நியமாகப் படும். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். கவனித்தேன் என்பதைக் காட்டுங்கள். "ம்மா, இன்னிக்கு கொழம்புல மாங்கா போட்டிருந்த, அதான் நல்லா இருந்துச்சு." இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். நாளைக்கு மாங்காய் இல்லையே என்று கவலைப்பட வேண்டுமானால் படுவார்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரத்தைத் தேய்த்து வைப்பது அதை விடப் பெரிது. ஆண்கள் இதை அழுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ருசித்துச் சாப்பிட்டு வாயாரப் பாராட்டிவிட்டு, சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனால் அந்தப் பாராட்டுக்கு என்ன மதிப்பு?

வெளியாட்களிடமும் இதே வழி நடக்கும். மீன்காரம்மாவிடம் "போன வாரம் குடுத்த சங்கரா நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிப் பாருங்கள். "அது கடைசிக் கூடை கண்ணு, ஏலத்துல சண்டை போட்டு எடுத்தேன்" என்று ஒரு கதை வரும். விலையைத் தவிர வேறொன்றும் பேசாத ஆட்களுக்கு அந்தக் கதை கிடைக்காது.

புதுச்சேரி மாதிரி ஊருக்கு வந்தால் மனசு லேசாகிறது. சொந்த ஊரில் ஏன் ஆவதில்லை?

வெளியூரில் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறோம், சொந்த ஊரில் பழக்கத்தில் நடக்கிறோம். புதுச்சேரிக்காரர்களிலேயே பீச் ரோட்டுக்குப் போய் மாதக்கணக்கானவர்கள் உண்டு. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விடுவதில்லை. ஹாரன் சத்தம் இல்லாமல் ரோட்டின் நடுவிலேயே நடக்கலாம், எதிரே கடலிலிருந்து சூரியன் எழும்பும். உள்ளூர்க்காரர்களே, வாரத்தில் ஒரு காலையாவது போங்கள்.

"இருப்பதை வைத்துத் திருப்தியாக இரு" என்று வாயை அடைக்கத்தானே இந்தப் பேச்சு பயன்படுகிறது?

சில இடத்தில் அப்படிப் பயன்படுத்துகிறார்கள், அது தவறு. கூலி உயர்வு கேட்பவரிடம், குடிதண்ணீர் கேட்பவரிடம், வீட்டு வேலை முழுவதையும் ஒருத்தியே செய்ய வேண்டுமா என்று கேட்பவரிடம் நன்றியைப் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் உரிமை இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்க்காரர்கள் ரசாயன நாற்றத்துக்கும் கெட்டுப்போன நிலத்தடி நீருக்கும் எதிராக எத்தனையோ ஆண்டுகள் மனு கொடுத்திருக்கிறார்கள், போராடியிருக்கிறார்கள். நல்ல காற்றின் அருமை தெரிந்தவர்கள்தான் அதற்காகச் சண்டை போடுகிறார்கள். நன்றியும் கோரிக்கையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க முடியும்.

வயிறு காலியாக இருப்பவரிடம் சின்னச் சந்தோஷம் பேசக்கூடாது. நம் மாவட்டத்திலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பைப் பற்றவைத்தார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, வருபவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். முதலில் சோறு, மற்றதெல்லாம் பிறகு.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லலாமா?

வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் தேவனாம்பட்டினத்திலும் மற்ற கடலோரக் குப்பங்களிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் நம்மோடு இந்த ஊரில்தான் வாழ்கிறார்கள். இழப்பு வந்தவரிடம் "மிச்சம் இருப்பதற்குச் சந்தோஷப்படு" என்று சொல்வது கொடுமை. கூட உட்காருங்கள், டீ போட்டுக் கொடுங்கள், ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியிருந்தால் போய்விட்டு வாருங்கள். எதையாவது ரசிக்க வேண்டுமென்றால் அவர்களே, அவர்களுக்கு முடியும்போது, ரசிப்பார்கள்.

எதிலும் மனசு ஒட்டவில்லை. பிடித்த சாப்பாடு கூட ருசிக்கவில்லை. நான் நன்றி இல்லாதவனா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். உங்கள் குணத்தில் குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

"தேங்க்யூ சொல்லு" என்று நான்கு பேர் முன்னால் அதட்டுவதால் ஒன்றும் வராது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மீன் இறங்கும் இடத்தை ஒருமுறை, பலா மரத்தில் கயிறு கட்டிப் பழத்தை இறக்குவதை ஒருமுறை. குப்பை வண்டி வரும்போது வாளியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வண்டியோடு வரும் அக்காவின் பெயரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் தாமாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயரே தெரியாதவர்களுக்கு, இனிமேல் பார்க்கவே போகாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

தானே புயல் அடித்த பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து நம் ஊர்களில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். பொங்கல் நெருங்கும் நேரத்தில் சொந்த வீட்டை விட்டு வந்து, பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் படுத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்களைத் தேடிப் போகவும் முடியாது. ஆனால் அடுத்த முறை வருபவர்களை நன்றாக நடத்த முடியும்.

அடுத்த முறை என்று ஒன்று இந்தக் கடற்கரையில் கட்டாயம் வரும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் வந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் தெருக்காரர்கள் ஒருநாள் கூடிப் பேசி வையுங்கள். கம்பத்தில் ஏறுபவர்களுக்கும் சாக்கடை அடைப்பு எடுப்பவர்களுக்கும் குடிதண்ணீர், டீ யார் வீட்டில், மதியச் சாப்பாடு யார் வீட்டில், கழிப்பறைக்கும் துணி மாற்றவும் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று முடிவு செய்யுங்கள். பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறைதான் பெரிய கஷ்டம், அதை முதலில் முடிவு செய்துவிடுங்கள்.